அரிசி ஆலை லோகோ: எந்த ஃபைலை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது?

மன்னார்குடி பக்கத்தில் உறவினர் ஒருவரின் அரிசி ஆலைக்கு செல்போனிலேயே லோகோ செய்திருக்கிறீர்கள். ஃப்ளக்ஸ் கடையில் ஜேபிஜி போதும் என்கிறார்கள். சாக்கு அச்சடிப்பவர் சிடிஆர் கேட்கிறார். ஆலைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் லோகோவுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் ஒன்று வந்து நிற்கிறது. இதில் தரமான ஃபார்மட் எது, கையில் இருக்கும் ஜேபிஜியை பிஎன்ஜியாக மாற்றினால் தெளிவு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: கூடாது. முதல் கேள்விக்கு ஒற்றைப் பெயரில் பதில் கிடையாது. ஒவ்வொரு ஃபார்மட்டும் ஏதோ ஒன்றைக் காப்பாற்ற ஏதோ ஒன்றைக் கைவிடுகிறது, ஒருமுறை கைவிட்டது திரும்பி வராது. அதனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த ஃபைலை உங்களிடம் வைத்துக்கொள்வது, அதிலிருந்து யாருக்கு எந்தப் பிரதியை எடுத்துக் கொடுப்பது என்பதுதான்.

நான் கும்பகோணத்தில் அச்சக வேலையில் இருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பில் புத்தகம், கடைப் பை என்று எல்லாம் பிளேட்டுக்குப் போகும் முன் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் போகும். அதனால் அச்சுப் பக்கம் சொல்வது கைப்பழக்கத்தில் சொல்வது. வெப்சைட் பக்கம் என் வேலை குறைவு, அங்கே சுருக்கமாகத்தான் சொல்வேன். ஃபார்மட்டின் அடிப்படைக் குணங்கள் எங்கே போனாலும் மாறாது. ஆனால் எந்த ஃபைலை ஏற்பார்கள், எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கேட்பார்கள் என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும், அதை என் வார்த்தையை வைத்து முடிவு செய்யாமல் அந்தக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்குக்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறேன், சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு படம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் என்று எழுதி வைப்பது. அந்தக் கட்டம்தான் பிக்ஸல். ஜேபிஜி, பிஎன்ஜி, ஜிஃப், டிஃப், வெப்பி, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி எல்லாம் இந்த வகை. இன்னொன்று, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இப்படி வளைந்து ஒரு கோடு, உள்ளே பச்சை நிறம் என்று வடிவத்தின் கணக்கை எழுதி வைப்பது. இது வெக்டர். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் சிடிஆர், இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொன்றின் ஏஐ, இபிஎஸ், எஸ்விஜி இந்த வகை. வாசலில் போட்ட கோலத்தை படம் பிடித்து வைத்திருப்பதற்கும், எத்தனை புள்ளி, இழை எப்படிச் சுற்றி வர வேண்டும் என்று கையில் தெரிந்து வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தெரிந்தவர் அதையே சின்னதாகவும் போடுவார், வீதி அகலத்துக்கும் போடுவார்.

சாதாரண நெய்த பிளாஸ்டிக் சாக்கில் ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட். வளையக்கூடிய அந்த பிளேட்டில் எழுத்தும் கோடும் மேடாக நிற்கும், மேட்டில் மை ஏறி சாக்கில் பதியும். சிவப்பு, பச்சை என்று இரண்டு நிறம் என்றால் இரண்டு பிளேட், அவ்வளவுதான். லோகோவில் நீங்கள் போட்டிருக்கும் நிழல், பளபளப்பு, பச்சையிலிருந்து மஞ்சளுக்குக் கரைந்து போகும் அந்த அழகு எதுவும் அந்த முரட்டு நெசவில் ஒழுங்காக நிற்காது. அச்சடிப்பவருக்கு வேண்டியது ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும் தனித்தனி நிறப் பகுதிகள். அதைத்தான் அவர் சிடிஆர் என்ற பெயரில் கேட்கிறார், பல ஊர்களில் 'வெக்டர் கொடு' என்பதையே 'சிடிஆர் கொடு' என்றுதான் சொல்வார்கள். கோரல் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், ஒழுங்கான வெக்டர் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் கொடுத்தால் கோரலில் திறந்துகொள்ள முடியும். இதுவே பளபளவென்று கடையில் அடுக்கியிருக்கும் பிஓபிபி பை என்றால் கதை வேறு. அது மெல்லிய ஃபிலிமில் சிலிண்டர் வைத்து பல நிறத்தில் அடித்து சாக்கோடு ஒட்டுவது, வயல் ஃபோட்டோகூடப் போடலாம். உங்கள் ஆலைக்காரர் எந்தப் பை போடப் போகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். லோகோவை எவ்வளவு எளிமையாக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

இங்கே நிறைய பேர் செய்யும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். பிஎன்ஜியை கோரலில் இழுத்துப் போட்டு சிடிஆராக சேமித்துக் கொண்டுவருவார்கள். அல்லது ஆன்லைனில் ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு எஸ்விஜி என்று எடுத்து வருவார்கள். பெரும்பாலும் பெயர்தான் மாறியிருக்கும், உள்ளே அதே பிக்ஸல் கட்டங்கள் உட்கார்ந்திருக்கும். பிடிஎஃபும் அப்படித்தான், அது ஒரு பெட்டி, உள்ளே வெக்டரும் இருக்கலாம், வெறும் ஃபோட்டோவும் இருக்கலாம். சோதிப்பது சுலபம்: திறந்து எழுத்தின் ஒரு வளைவில் நன்றாக ஜூம் செய்யுங்கள். எவ்வளவு போனாலும் ஓரம் கூர்மையாக இருந்தால் வெக்டர், படிக்கட்டு தெரிந்தால் படம். கோரலில் வயர்ஃபிரேம் காட்சிக்குப் போனால் இன்னும் தெளிவு, வெக்டராக இருந்தால் கோட்டு உருவம் தெரியும், இல்லையென்றால் ஒரு மொட்டைச் செவ்வகம்.

படத்தைத் தானாக வெக்டராக மாற்றும் டிரேஸ் வசதி கோரலிலும் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலும் இருக்கிறது. இரண்டு மூன்று நிறத்தில் பெரிய உருவமாக இருக்கும் லோகோவுக்கு ஓரளவு உதவும். நெற்கதிர், சூரியன் இதெல்லாம் கொஞ்சம் திருத்தினால் தேறிவிடும். தமிழ் எழுத்து தேறாது என்பது என் அனுபவம். 'ண', 'ஞ', 'ஜ' போன்ற சுழி எழுத்துகளில் உள் இடைவெளி அடைத்துக்கொள்ளும், ஓரங்கள் அலையும். எழுத்தை மட்டும் அதே எழுத்துருவில் புதிதாக அடித்து வைத்துவிடுங்கள், நேரமும் மிச்சம்.

இவ்வளவு சொன்னதால் பிக்ஸல் மட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோட்டோவை வெக்டராக வைக்க வழியில்லை. பட்டு நெசவுக்கு ஜக்கார்டு டிசைன் கம்ப்யூட்டரில் போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், திருபுவனம் பக்கம் போனால் தெரிந்துவிடும். அவர்களுக்குக் கட்டம்தான் வேண்டும். ஒரு கட்டம் என்பது பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். நிறங்களை எண்ணி வைத்துக்கொள்ளும் பழைய பிஎம்பி வகைப் படம் அந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அந்த டிசைனை யாராவது ஜேபிஜியாக சேமித்துக் கொடுத்தால் நாலு நிறம் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நூறு நிறங்கள் முளைத்துவிடும், எது எந்த நூல் என்று பிரிக்கவே முடியாது.

ஏன் முளைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஜேபிஜியின் குணமே புரிந்துவிடும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஃபார்மட் இது, ஃபோட்டோவுக்காகவே யோசித்துச் செய்தது. 4000க்கு 3000 பிக்ஸல் உள்ள ஒரு செல்போன் படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 36 எம்பி, அதை ஜேபிஜி நாலைந்து எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. எப்படி என்றால், படத்தை வெளிச்சம், நிறம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நன்றாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் கொஞ்சம் ஏமாறும். அதனால் நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதி அகலம், பாதி உயரமாகக் குறைத்துவிடும். அப்புறம் படத்தை 8க்கு 8 பிக்ஸல் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மெதுவாக மாறும் தொனிகளை வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுணுக்கங்களை முரட்டுக் கணக்காகத் தோராயப்படுத்திவிடும். சேமிக்கும்போது கேட்கும் குவாலிட்டி எண் இந்த முரட்டுத்தனத்தின் அளவுதான். வானம், முகம், வயல், கோபுரம் எல்லாவற்றிலும் தொனி மெல்ல மாறுவதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எழுத்து அப்படியில்லை, வெள்ளைக்குப் பக்கத்திலேயே கருப்பு. அந்த வெட்டு ஓரத்தை இந்தக் கணக்கு தாங்காது. எழுத்தைச் சுற்றி கொசு மொய்த்தாற்போல் அழுக்குப் புள்ளிகள் வரும். நீல நிறத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டால் நிறமே கசியும், ஏனென்றால் நிறத் தகவலை ஏற்கெனவே குறைத்தாகிவிட்டது. நம்மூர் நோட்டீஸ்களில் பிடித்த ஜோடியே அதுதான் என்பது வேறு விஷயம்.

ஜேபிஜியைத் திறந்து பார்ப்பதாலோ, பென் டிரைவில் காப்பி செய்வதாலோ தரம் குறையாது. திறந்து, திருத்தி, மறுபடி ஜேபிஜியாக சேமிக்கும்போதுதான் கணக்கு மறுபடி நடக்கிறது. தேதியை மாற்று, ஃபோன் நம்பரை மாற்று, படத்தை நகர்த்து என்று ஒரே நோட்டீஸைப் பல முறை திருத்தி ஜேபிஜியிலேயே சேமித்துக்கொண்டு போனால் கடைசியில் அது தேய்ந்துதான் நிற்கும். அப்போது பிஎன்ஜியாக மாற்றினால் என்ன ஆகும்? அந்த அழுக்குப் புள்ளிகளை ஒன்றுகூட விடாமல் பத்திரமாகக் காப்பாற்றும், ஃபைல் அளவு மட்டும் பெருக்கும்.

இனி வெள்ளைக் கட்டம். ஜேபிஜியில் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்தே ஆக வேண்டும், அதனால் பின்னணி இல்லாத இடத்தில் மென்பொருள் வெள்ளையோ சில சமயம் கருப்போ நிரப்பிவிடும். பிஎன்ஜியில் நிறத்தோடு சேர்த்து ஆல்ஃபா என்று இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிக்ஸலும் எவ்வளவு ஒளி ஊடுருவக் கூடியது என்பதை அது சொல்லும், அரை ஊடுருவலும் சாத்தியம், அதனால்தான் எழுத்தின் ஓரம் எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் வழுவழுப்பாக உட்காரும். இதற்கு முன்னால் இருந்த ஜிஃபில் (1987) ஒரு பிக்ஸல் ஒன்று தெரியும் அல்லது தெரியாது, நடுவில் எதுவுமில்லை, நிறமும் 256தான். ஜிஃப் பயன்படுத்திய சுருக்க முறையின் மேல் காப்புரிமைத் தகராறு வந்ததால், எவருக்கும் பணம் கட்டத் தேவையில்லாத மாற்றாக 1990களின் நடுவில் உருவாக்கியதுதான் பிஎன்ஜி. ஜிஃப் இன்று உயிரோடு இருப்பது அசையும் படங்களால் மட்டுமே.

உங்கள் விஷயத்தில் நீங்கள் பிஎன்ஜியாகவே சேமித்திருந்தும் கட்டம் வந்திருக்கலாம். வாட்ஸப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி ஜேபிஜியாக்கி அனுப்பும், ஊடுருவல் அங்கேயே போய்விடும். அதே ஃபைலை டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள், அனுப்பியது அப்படியே போய்ச் சேரும். அச்சகத்துக்கு எதை அனுப்பினாலும் டாக்குமெண்டாகவே அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொரு இடமும் இருக்கிறது: கேன்வா போன்றவற்றின் இலவசக் கணக்கில் பின்னணி நீக்கிய பிஎன்ஜி எடுக்கும் வசதி தராமல் வைத்திருப்பார்கள், அங்கே பிஎன்ஜி என்று எடுத்தாலும் வெள்ளை ஒட்டிக்கொண்டே வரும். பிஎன்ஜி சுருக்கும்போது பிக்ஸல் விவரம் எதையும் கைவிடுவதில்லைதான், அதற்காக எல்லாவற்றுக்கும் பிஎன்ஜி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஃபோட்டோவை பிஎன்ஜியில் வைத்தால் ஃபைல் பல மடங்கு வீங்கும், கண்ணுக்கு லாபம் இருக்காது. அச்சுக்கான நாலு நிறக் கணக்கும் அதில் கிடையாது.

அடுத்து ஃப்ளக்ஸ். இங்கே ஃபார்மட்டைவிட பிக்ஸல் எண்ணிக்கைதான் பெரிய பிரச்சினை. '300 டிபிஐ வைத்து அனுப்பு' என்று யாரோ சொல்ல, ஒரு சின்னப் படத்தைத் திறந்து டிபிஐ பெட்டியில் 72ஐ அழித்து 300 என்று எழுதி அனுப்புவார்கள். டிபிஐ என்பது ஒரு குறிப்புச் சீட்டு மாதிரி ஃபைலோடு ஒட்டியிருக்கும் எண். படத்தில் மொத்தம் எத்தனை பிக்ஸல் இருக்கிறது, அதை எவ்வளவு அங்குலத்தில் பரப்பப் போகிறோம், இந்த இரண்டையும் வகுத்தால் வருவதுதான் உண்மை. 5க்கு 7 அங்குலப் பத்திரிகைக்கு 300 என்றால் 1500க்கு 2100 பிக்ஸல், எந்த செல்போன் படமும் தாங்கும். 10க்கு 8 அடி ஃப்ளக்ஸுக்கு அதே 300 கேட்டால் 36,000க்கு 28,800 பிக்ஸல், நூறு கோடியைத் தாண்டுகிறது. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்ஸலுக்கு மேல் ஏற்காது என்பதால் அதில் சேமிக்கவே முடியாது. அது தேவையும் இல்லை, ஃப்ளக்ஸை சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். முழு அளவில் 72 டிபிஐ வைத்தால் 8640க்கு 6912 பிக்ஸல், இதுவே தாராளம். பல கடைகளில் அதற்கும் குறைவாக வைத்து அடித்துப் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே கெடும் என்றால், வாட்ஸப்பில் சுருங்கி வந்த 1600 பிக்ஸல் அகலப் படத்தை அந்தப் 10 அடிக்கு இழுக்கும்போது. அங்குலத்துக்கு 13 பிக்ஸல், அதாவது ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். தூரத்திலிருந்தும் கண்ணை உறுத்தும்.

இதில் எங்களை அதிகம் சோதிப்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். விடிவதற்குள் ஒட்ட வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு வருவார்கள். கையில் இருக்கும் படம் ஏதோ விண்ணப்பத்துக்காக 200க்கு 250 பிக்ஸலில் சுருக்கியதாக இருக்கும், அல்லது கல்யாண வீட்டு குரூப் ஃபோட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் முகம். அதை 10 அங்குல உயரத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 25 பிக்ஸல். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கும் செயலிகள் வந்துவிட்டன, படம் பளிச்சென்று ஆகிறது. ஆனால் அது இல்லாத நுணுக்கத்தைக் கண்டெடுப்பதில்லை, பொருத்தமாக இருக்கும் என்று தானாக ஒன்றை வரைகிறது. கண்ணும் வாயும் கொஞ்சம் மாறினாலும் வீட்டுக்காரர்கள் உடனே 'இது எங்க அப்பா மாதிரியே இல்லையே' என்பார்கள். நான் அந்த மாதிரி சமயத்தில் படத்தைச் சின்னதாக வைத்து பெயரையும் தேதியையும் பெரிதாகப் போட்டுவிடுவேன். முடிந்தால் பழைய ஆல்பத்திலிருந்து காகிதப் படத்தை எடுத்துவரச் சொல்லி ஸ்கேன் செய்வேன். பழைய ஸ்டுடியோ பிரிண்டில் செல்போன் பிரதியைவிட எவ்வளவோ அதிக விவரம் இருக்கும்.

நிறம் பற்றி. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு பச்சை நீலம் மூன்றைக் கலந்து, இதுதான் ஆர்ஜிபி. அச்சு மையால் காட்டுகிறது, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நாலைக் கலந்து, இதுதான் சிஎம்ஒய்கே. திரையில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையும் ஊதாவும் மையில் அந்த அளவுக்கு வராது, இதை எந்த ஃபார்மட்டாலும் மாற்ற முடியாது. பிஎன்ஜி ஆர்ஜிபி மட்டும்தான். ஜேபிஜி, டிஃப், பிஎஸ்டி, பிடிஎஃப், சிடிஆர் எல்லாவற்றிலும் சிஎம்ஒய்கே வைக்க முடியும். அதனால்தான் ஆஃப்செட்டுக்குப் போகும் ஃபோட்டோவை டிஃபிலோ உயர்ந்த குவாலிட்டி ஜேபிஜியிலோ கேட்கிறோம். தங்க நிறம் இன்னொரு தலைவலி. தஞ்சாவூர் ஓவியத்தை ஃபோட்டோ எடுத்து அழைப்பிதழில் போட்டால் தங்கம் எப்படியும் மஞ்சளும் பழுப்புமாகத்தான் வரும், நாலு மையில் மினுமினுப்பு கிடையாது. மினுக்க வேண்டுமென்றால் ஃபாயில் அடிக்க வேண்டும், அதற்கு அந்தப் பகுதியை மட்டும் தனியாக, முழுக் கருப்பில், வெக்டராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையார் உருவம் தங்கத்தில் வேண்டும் என்று கூகிளில் எடுத்த ஜேபிஜியைக் கொடுத்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை மறுபடி வரையத்தான் வேண்டும், அதற்குக் காசு கேட்பதில் நியாயம் இருக்கிறது. கருப்பு எழுத்திலும் ஒன்று கவனியுங்கள். ஆர்ஜிபியில் செய்த கருப்பை மாற்றும்போது அது நாலு மையும் கலந்த கருப்பாகிவிடும். ரெஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, துளி விலகினாலும் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். மேட்டர் எழுத்து கருப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று இருக்க வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை, எழுத்துரு. சிடிஆர், ஏஐ, எஸ்விஜி எதுவாக இருந்தாலும் எழுத்தை எழுத்தாகவே வைத்து அனுப்பினால், திறக்கும் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால் நிலைமை மோசம், எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழே போய் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். யூனிகோடில் அடித்திருந்தாலும், பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வழி ஒன்றுதான்: எழுத்தைச் சரிபார்த்து முடித்ததும் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புங்கள், கோரலில் கண்ட்ரோல் க்யூ, இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது, எனவே மாற்றாத பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டு மாற்றிய பிரதியை மட்டும் கொடுங்கள். கோரலில் இன்னொன்று, புதிய வெர்ஷனில் சேமித்தது பழைய வெர்ஷனில் திறக்காது. எந்த வெர்ஷன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, சேவ் ஆஸில் அதற்குக் குறைத்துக் கொடுங்கள். இந்த இரண்டு தொல்லையையும் தவிர்க்க பிடிஎஃப் நல்ல வழி, எழுத்துருவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

புது ஃபார்மட்டுகளையும் தொட்டுவிடுகிறேன். ஐஃபோனில் எடுத்த படம் எச்இஐசி என்று வரும், அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டரில் திறக்காமல் போகலாம், ஜேபிஜியாக மாற்றி அனுப்புங்கள். வெப்பி கூகிள் 2010இல் கொண்டுவந்தது, தரம் குறைத்துச் சுருக்குவது, குறைக்காமல் சுருக்குவது, ஊடுருவல், அசைவு என்று எல்லாம் அதில் உண்டு, வாட்ஸப் ஸ்டிக்கரும் 512க்கு 512 அளவில் வெப்பிதான். ஆலைக்கு வெப்சைட் போட்டால் ஃபோட்டோவுக்கு வெப்பியும் லோகோவுக்கு எஸ்விஜியும் நன்றாகப் பொருந்தும். அச்சகத்துக்கு மட்டும் வெப்பி கொண்டுவராதீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எழுத்தை அழித்து ஜேபிஜி என்று எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது அப்படி வருகிறார்கள்.

இனி உங்கள் லோகோவுக்கு வருவோம். செல்போனில் எந்தச் செயலியில் செய்தீர்களோ அதன் மூல ஃபைல் இருக்கிறதா பாருங்கள். பிக்ஸல்லேப் என்றால் பிஎல்பி, ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி. அடுக்குகளும் எழுத்தும் பிரிந்தே இருக்கும் அந்த ஃபைலை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம், ஒரு பிரதி மெயிலிலோ டிரைவிலோ போட்டு வையுங்கள். ஆனால் சாக்குக்கு அது போதாது. இங்க்ஸ்கேப்பை ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, உங்கள் பிஎன்ஜியை அடியில் வைத்து அதன் மேல் கதிரையும் வட்டத்தையும் புதிதாக வரைந்து, பெயரைப் புதிதாக அடித்து, நிழலும் நிறம் கரையும் கிரேடியண்ட்டும் இல்லாமல் இரண்டு நிறத்தில் ஒரு எஸ்விஜி செய்யுங்கள். முதல் தடவை என்பதால் ஒன்றிரண்டு நாள் பிடிக்கலாம். இனிமேல் அதுதான் உங்கள் மூலம். அதிலிருந்து கர்வ்ஸ் போட்ட பிடிஎஃப் சாக்குக்காரருக்கு. இங்க்ஸ்கேப் சிடிஆராக சேமிக்காது, அதை அவரிடம் சொல்லிவிடுங்கள், பிடிஎஃபைத் தன் கோரலில் இம்போர்ட் செய்து பார்த்துக்கொள்வார். ஃப்ளக்ஸ் கடைக்கு அந்த போர்டின் அளவுக்கு எடுத்த உயர்தர ஜேபிஜி. ஆலைக்காரரின் வாட்ஸப்புக்கும் பில்லுக்கும் பின்னணி இல்லாத பிஎன்ஜி, 2000 பிக்ஸல் அகலம் இருந்தால் போதும், டாக்குமெண்டாக. அதோடு முழுக் கருப்பில் ஒரே நிறப் பிரதி ஒன்றும் எடுத்து வையுங்கள், ரப்பர் ஸ்டாம்புக்கும் சிங்கிள் கலர் பில் புத்தகத்துக்கும் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பிளேட் போடும் முன் சாக்குக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அவர் மெஷினில் எத்தனை நிறம் ஓடும், எவ்வளவு மெல்லிய கோடு வரை அவருடைய சாக்கில் நிற்கும். இரண்டாவதற்கு அவர் வாயால் சொல்வதைவிட, ஏற்கெனவே அடித்த ஒரு பழைய சாக்கை வாங்கிப் பார்ப்பது மேல். உங்கள் நெற்கதிரின் மீசை அதில் நிற்குமா என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.